தெற்கு பார்த்து நின்ற செருப்பு

செங்காட்டூரில் செருப்புகள் தாமாக நடந்து திரிந்த வருஷங்களைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்; ஆனால் மணிக்கூண்டுப் பக்கம் பிறந்து வளர்ந்து இப்போது தலை நரைத்துப்போன யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், "ஆமாங்க, அதெல்லாம் ஒரு காலமுங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தங்கிப்போன விருந்தாளிகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். யார் பேசினாலும் பேச்சு கடைசியில் டவுன் பஸ் டிரைவர் சென்னியப்பனிடம்தான் வந்து நிற்கும்.

சென்னியப்பன் மில் ஸ்டாப்பிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை போகும் பஸ்ஸை ஓட்டினார். அதே பஸ்ஸில் ஜபருல்லா கண்டக்டர். மில் சங்கு ஊதினால் ஓடிவரும் பெண்களுக்காகப் பஸ்ஸை நிறுத்தி வைப்பார்கள், கல்யாண மாசத்தில் வாழைத்தாரையும் ஏற்றிக்கொள்வார்கள், மத்தியானம் ஆஸ்பத்திரி ஸ்டாப்பின் புங்கமரத்தடியில் சென்னியப்பன் வீட்டுக் கொள்ளுப் பருப்பையும் ஜபருல்லா வீட்டு முட்டைப் பணியாரத்தையும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். சாலையில் மாடு நின்றால் சென்னியப்பன் ஹாரனைக் கொஞ்சுவதுபோல ரெண்டு தட்டு தட்டுவார், மாடும் கோபித்துக்கொள்ளாமல் நகர்ந்துபோகும்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், கடைவீதியில் தலைக்கு மேல் தலையாக ஜனம் நிறைந்து, துணிக்கடை மைக்கும் பட்டாசுக்கடை மைக்கும் ஒன்றையொன்று மிஞ்சக் கத்திக்கொண்டிருந்தபோது, பஸ் மணிக்கூண்டு முக்கைத் திரும்பியது. திரும்பியதும் பஸ் ஒரு பக்கமாகத் தூக்கி மறுபடி உட்கார்ந்தது. முன்கண்ணாடி கல்கண்டு கல்கண்டாகச் சென்னியப்பன் மடியில் வந்து கொட்டியது.

"டயர் வெடிச்சுருச்சுடா ஜபரு" என்றார்.

"டயர் இல்லீங்கண்ணா" என்றான் ஜபருல்லா. அவன் குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. "டயர் இல்லீங்கண்ணா, எறங்குங்க."

இறங்கினார்கள். என்ன பார்த்தார்கள் என்று அவர்கள் இருவரும் கடைசிவரை முழுசாகச் சொன்னதில்லை, நாமும் கேட்க வேண்டாம். குண்டை வைத்தவர்கள் யார், எதற்காக வைத்தார்கள் என்பதைக் கோர்ட்டு பிற்பாடு வருஷக்கணக்காக விசாரித்தது. அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்களிடம் ஒரு பஸ் இருக்கிறது, அந்தப் பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் என்பதுதான். கையில் அகப்பட்டதிலெல்லாம் ஆட்களைத் தூக்கி வந்து ஏற்றினார்கள், சீட்டில் உட்கார முடிந்தவர்களை உட்கார வைத்தார்கள், முடியாதவர்களைக் கீழே கிடத்தினார்கள். சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து இடது கையால் ஸ்டியரிங்கையும் கியரையும் மாற்றி மாற்றிப் பிடித்து, வலது உள்ளங்கையை ஹாரன்மேல் வைத்து அழுத்தினார். பெரியாஸ்பத்திரி வாசல் வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அந்த முதல் தடவையில்தான், அவருடைய முதுகுக்குப் பின்னால், டிரைவர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, ஆசுபத்திரி வந்துட்டா?"

"இதா வந்தாச்சுங்க."

கொஞ்ச தூரத்தில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் "இதா வந்தாச்சுங்க" என்றார் சென்னியப்பன். திரும்பிப் பார்க்க முடியாது, தெருவெல்லாம் ஜனம் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் அந்த மனிதர் வேறு என்னவோ சொன்னார், நிதானமாக, விலாசம் சொல்வதுபோல, நீளமாகச் சொன்னார். ஹாரன் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, "வந்தாச்சுங்க" என்று சென்னியப்பன் திரும்புவதற்குள் வார்டு ஆட்கள் ஏறி எல்லோரையும் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். எந்த முகம் அந்தக் குரலுடையது என்று தெரியவில்லை. அடுத்த ஆட்களை ஏற்றப் பஸ்ஸைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு சென்னியப்பன் ஹாரனைத் தொடவில்லை. மாடு நின்றால் பஸ்ஸை நிறுத்திவிட்டு மாடு போகும்வரை காத்திருப்பார். ஜபருல்லாதான் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு "ஓரம், ஓரம்" என்று தொண்டை கிழியக் கத்துவான். டெப்போவில் யாரும் காரணம் கேட்கவில்லை.

செருப்புகளின் கதைக்கு வருவோம். ஜனம் சிதறி ஓடிய பிறகு கடைவீதியில் மிஞ்சியது செருப்புகள்தான். ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, தீபாவளிக்கென்று அப்போதுதான் வாங்கிப் பழசைக் கழற்றிவிட்டுப் போட்ட புதுச் செருப்பு. முனிசிபாலிட்டி லாரி அவற்றை வாரிக்கொண்டுபோய்ப் பழைய சந்தைத் திடலில் கொட்டியது. ஊரே விளக்கேற்றாமல் கிடந்த அந்தத் தீபாவளி விடியற்காலையில், திடல் வழியாகச் சைக்கிளில் போன பால்காரர் ஒருவர், செருப்புகள் ஜோடி ஜோடியாகக் குவியலிலிருந்து இறங்கி, ஒன்றையொன்று இடிக்காமல், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளைப்போலத் தெருத்தெருவாகப் பிரிந்து போவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஊற்ற வேண்டிய வீடுகளுக்குப் பாலை ஊற்றிவிட்டுத்தான் சொன்னார்.

பிழைத்தவர்களின் செருப்புகள் பிழைத்தவர்களிடம் வந்து சேர்ந்தன. அவர்களும் பயந்து, பிறகு காலை நுழைத்துப் பார்த்து, நம்முடையதுதான் என்று போட்டுக்கொண்டார்கள். இறந்தவர்களின் செருப்புகளும் வீட்டுக்குத்தான் வந்தன. வாசற்படிக்கு இடப்பக்கம், எப்போதும் கழற்றிவிடும் அதே இடத்தில், வந்து நின்றன. வாசலில் செருப்புக் கிடந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? கதவைத் திறந்த மனைவிகளும் அப்பாக்களும் செருப்பைப் பார்த்ததும், ஒரு கணம், ஒரே ஒரு கணம், உள்ளே திரும்பிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு கணத்துக்காகவே அவர்கள் செருப்புகளை விரட்டவில்லை என்று மயிலாத்தாள் சொல்வாள். மயிலாத்தாள் சென்னியப்பனின் மனைவி.

ஊர் பழகிக்கொண்டது. காலையில் செருப்புகள் வேலைக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். தையற்கடை செருப்பு தையற்கடை வாசலில் நிற்கும், காலேஜ் பெண்ணின் செருப்பு காலேஜ் கேட்டில் நிற்கும். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ வந்தால் வெளியே நின்று உள்ளே போனவர்களுக்காகக் காத்திருப்பதுபோலக் காத்திருக்கும். யாரும் அவற்றைத் தாண்டிப் போவதில்லை, சுற்றித்தான் போவார்கள். மழை வந்தால் பக்கத்திலிருப்பவர் எடுத்து ஓரமாக வைப்பார், வெயிலில் வார் வெடித்தால் தைத்துக் கொடுப்பார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்த அண்ணன் செருப்பு ஒன்று உண்டு; அன்றைக்கு மண்டப வாசலில் ஆயிரம் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தும், அதைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடம் காலியாகவே இருந்தது. யாரோ ஒரு பெரிய மனிதர் நினைவு மண்டபம் கட்டி எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மாலை போட்டார். மாலை வாடுவதற்குள் அவை வீடு திரும்பியிருந்தன. அதன் பிறகு அந்த மண்டபத்தில் ரேஷன் கடை நடந்தது.

பஸ்ஸில் போகிற செருப்புகளும் இருந்தன. ஜபருல்லா அவற்றுக்கும் "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று குரல் கொடுப்பான். ஒருநாள் ஏறிய செக்கிங் இன்ஸ்பெக்டர் சீட்டுக்கடியில் நின்ற ஒரு ஜோடியைப் பார்த்து, "யாருதுய்யா இது?" என்றார். "மில்லு ஃபிட்டர் ஆறுக்குட்டிதுங்க சார். அடுத்த ஸ்டாப்புல எறங்கிரும்" என்றான் ஜபருல்லா. இன்ஸ்பெக்டர் தன் காலை ஒதுக்கிக்கொண்டார்.

இதில் ஒரு ஜோடி மட்டும் இறங்கவே இறங்காது. பழுப்புத் தோல் செருப்பு, இடது குதிகால் தேய்ந்தது. காலையில் முதல் டிரிப்புக்கு மில் ஸ்டாப்பில் ஏறும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியோரம் வந்து நிற்கும், கடைசி டிரிப்பு முடிந்ததும் டெப்போவில் டீசல் பங்குக்குப் பக்கத்தில் ஒதுங்கும். ஊரில் எந்த வீட்டுக்கும் போகாது. தெருத்தெருவாக விசாரித்தும் யாரும் உரிமை கொண்டாடவில்லை; அடையாளம் தெரியாமல் ஊர்ச் சார்பில் அடக்கம் செய்த ஒருவருடையதாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். சென்னியப்பனுக்கு அது யாருடையது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஸ்டாப் வரும்போதெல்லாம் வாய்க்குள்ளே "இதா வந்தாச்சுங்க" என்பார். அது நகராது. வருஷங்கள் போயின. முதலில் பின்கழுத்தில் கூசிய அந்த நிற்பு, போகப் போகத் துணையாயிற்று. லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்திருந்தால், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாத மாதிரி அவருக்கு வெறுமையாக இருக்கும்.

மயிலாத்தாளிடம் ஒருநாள் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்து முறத்தைக் கீழே வைத்தாள்.

"வந்தாச்சு வந்தாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. உங்க பேச்ச நம்பித்தான் அது எறங்காம நிக்குதுங்க."

"நான் என்ன பண்றது மயிலா? ஆஸ்பத்திரில எறங்க மாட்டேங்குதே."

"ஆஸ்பத்திரில அதுக்கு இனி என்ன வேலை? ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"ஊடு எங்கன்னு தெரியோணுமே."

அவள் மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள்.

இதற்குள் மற்றச் செருப்புகள் ஓயத் தொடங்கியிருந்தன. அடி தேய்ந்து, வார் இற்று, ஒருநாள் வாசலில் நின்றது நின்றபடியே வெறும் செருப்பாகிவிடும். வீட்டார் அதை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒவ்வொன்றாகக் குறையக் குறையத் தெருக்கள் வெறிச்சென்று ஆயின. செருப்புகள் நடக்காத தெருவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பஸ்ஸில் ஏறத் தொடங்கினார்கள். பழுப்புச் செருப்பை ஜன்னல் வழியாக எறிய ஒருவன் கையில் எடுத்ததையும், பஸ்ஸிலிருந்த பெண்களெல்லாம் ஒரே குரலில் அவனை வைத வசவையும் சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்தார். அந்த வாரம்தான் அவர் ஓய்வு பெற வேண்டிய வாரம்.

கடைசி நாள் மத்தியானம் புங்கமரத்தடியில் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஜபருல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். குரலைச் சொன்னார், ஹாரனைச் சொன்னார், திரும்பிப் பார்க்காததைச் சொன்னார். ஜபருல்லா பணியாரத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தான்.

"எத்தன வருசமா இத வயித்துக்குள்ள வெச்சுட்டு ஓட்டுனீங்கண்ணா?"

"என்ன செய்யச் சொல்றே."

"சரி, அவரு உங்கள என்னன்னு கூப்பிட்டாரு? இன்னொருக்காச் சொல்லுங்க."

"அண்ணாச்சின்னாரு."

"நம்மூர்ல டிரைவர யாருங்கண்ணா அண்ணாச்சிம்பாங்க? மளிகைக்கடைக்காரரத்தான் நாம அப்படிச் சொல்லுவோம். ஏன்னா அவங்க திருநெல்வேலிக்காரங்க." ஜபருல்லா எழுந்துவிட்டான். "பஸ் கிழக்கால போனாலும் மேற்கால போனாலும் அந்தச் செருப்பு தெக்காலதான் பாத்து நிக்கும். நான் தினம் பாக்கறேன். தெக்கு எமன் திக்கு, செத்தவரு செருப்பு வேற எங்க பாக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் சும்மா இருந்துட்டேன். அது எமனப் பாக்கலீங்கண்ணா. ஊரப் பாக்குது."

ஜபருல்லா லீவு போட்டான். மயிலாத்தாள் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்தாள். பயணத்துக்கென்று ஒரு துணிப்பை எடுத்து வைத்தார்கள், ஆனால் செருப்பு பைக்குள் போகச் சம்மதிக்கவில்லை. வெளியூர் பஸ்ஸில் தானாக ஏறி, அங்கேயும் டிரைவருக்குப் பின்னால் போய் நின்றது. மதுரையில் இறங்கி ஏறினார்கள், திருநெல்வேலியில் இறங்கி ஏறினார்கள். பழக்கமில்லாத அந்த ஊர் ஜனங்கள்கூட ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, "கூட வந்திருக்கா? சரி, வரட்டும்" என்று மூட்டைகளை ஒதுக்கி இடம் விட்டார்கள். கோரைக்குளம் என்ற ஊரின் ஆற்றுப்பாலத்தில் மினி பஸ் நின்றபோது செருப்பு படியிலிருந்து குதித்தது. இத்தனை வருஷமும் நின்றே இருந்தது இப்போது ஓடியது. வாய்க்கால் கரையோடு, இடது குதிகாலை லேசாகத் தேய்த்துத் தேய்த்து, அது முன்னால் ஓட, மூச்சிரைக்க இரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள்.

வெயிலில் கோரைப்புல் உலர்த்தியிருந்த ஒரு வீட்டின் முன்னால் நடுவயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து கத்தியால் கோரையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். செருப்பு அவளைக் கடந்துபோய்ப் படிக்கு இடப்பக்கம் நின்று, முதல்முறையாகத் தெற்கை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அவள் செருப்பைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வந்தவர்களைப் பார்க்கவில்லை.

"அவிய எங்க?" என்றாள்.

சென்னியப்பன் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். ஜபருல்லாதான், "அவரு பேரு என்னங்கம்மா?" என்று கேட்டான்.

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பொன்னுலிங்கம்" என்றாள். அவள் பெயர் செண்பகவடிவு.

சொன்னார்கள். செங்காட்டூர் கடைவீதியைச் சொன்னார்கள், அடையாளம் தெரியாதவர் என்று பேப்பரில் போட்டதையும், ஊர்ச் சார்பில் அடக்கம் செய்ததையும் சொன்னார்கள். செண்பகவடிவு அழவில்லை.

"கொங்குச் சீமையில ஒருத்தியச் சேத்துக்கிட்டு அங்கனயே இருந்துட்டாவன்னு ஊர்ல பேசினாவ. நானும் அதையே நம்பிட்டேன், அண்ணாச்சி. அது நெசமா இருந்தா அவிய உசிரோட இருக்காவன்னுதான அர்த்தம்? அதான் நம்பினேன். தெனமும் திட்டிக்கிட்டே நம்பினேன்."

சென்னியப்பனுக்கு, வந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. இத்தனை வருஷம் உயிரோடு இருந்த மனிதரைத் தானே இப்போது கொண்டுவந்து கொன்றுவிட்டதுபோல இருந்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோரைக் கட்டுகளைப் பார்த்தார்.

"தீவாளிக்குப் பாய் விக்கப் போனாவ" என்றாள் அவள். "தலைச்சுமையா நாலு கட்டுக் கொண்டுபோனாவ."

"பாயா?" ஜபருல்லா ஓரடி முன்னால் வந்தான். "ஓரத்துல செகப்புக் கரை போட்ட பாயாங்கம்மா?"

"ஆமா. நான் நெய்ததுதான்."

"அண்ணா, ரோட்டுல விரிஞ்சு கெடந்த பாயி! அதுலதானுங்கண்ணா தூக்கினோம். ஸ்ட்ரெச்சரு ஏதுங்கம்மா அங்க? அந்தப் பாய்லதான் ஒவ்வொருத்தராத் தூக்கிப் பஸ்ஸுல ஏத்துனோம். ஆறுக்குட்டி பையன் பொழச்சான், பூக்காரம்மா பொழச்சுது. அத்தன பேரும் உங்க பாய்லதான் வந்தாங்க."

செண்பகவடிவு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. வாசலில் கூடிவிட்ட அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு இன்னொரு குடும்பம் கட்டிவைத்துப் பேசிய வாய்களே இப்போது அவர் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தன.

அழுகை ஓய்ந்ததும் அவள் சென்னியப்பனைக் கேட்டாள். "பஸ்ஸுல வரும்போ அவிய என்ன சொன்னாவ?"

வழியெல்லாம் அவர் பயந்து வந்த கேள்வி அதுதான். 'செண்பகவடிவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்' என்றாரென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொள்வாள். நாக்குவரை வந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"நெறையச் சொன்னாருங்கம்மா. நிதானமாச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் ஹாரன்ல வெச்ச கைய எடுக்கவே இல்ல. எடுத்திருந்தாக் கேட்டிருக்கும்."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், ஈரமான முகத்தோடு, திடீரென்று சிரித்துவிட்டாள்.

"ஹாரன் இல்லேன்னாலும் ஒமக்குக் கேட்டிருக்காது, அண்ணாச்சி. அவிய பேச்சு அவிய மீசைக்கே கேக்காது. இந்த வீட்டுக்குள்ள, பக்கத்துல படுத்துக்கிட்டுச் சொன்னாலே எனக்குப் பாதிதான் கேக்கும். சத்தமாச் சொல்லும்யான்னு கத்துவேன். அவியளும் அதையே மறுபடி மெதுவாச் சொல்லுவாவ."

பெண்களும் சிரித்தார்கள், "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டு அழுதார்கள். சென்னியப்பன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, அங்கேயே கோரைக் கட்டின்மேல் உட்கார்ந்து, தோள் குலுங்க, குண்டு வெடித்த நாளிலிருந்து முதல்முறையாக அழுதார். ஜபருல்லா அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றான். யாரும் அவரைத் தேற்ற அவசரப்படவில்லை.

சோறு பொங்கி, மீன் குழம்பு வைத்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்றாள் செண்பகவடிவு. ஜபருல்லா குழம்புக்கு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பொன்னுலிங்கத்தின் நடையை, கோபத்தை, வெற்றிலையை, அவர் சொல்லி அவளுக்குக் கேட்காமல் போனவற்றையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவர்கள் கேட்டார்கள். அந்தப் பஸ் எந்தெந்தத் தெரு வழியாகப் போனது, எந்த முக்கில் எப்படித் திரும்பியது என்று சென்னியப்பன் ஒன்று விடாமல் சொல்ல அவள் கேட்டாள்.

சாயங்கால மினி பஸ்ஸுக்கு நேரமானது. வெளியே வந்தபோது செருப்பு நின்ற இடத்திலேயே நின்றது. சென்னியப்பன் குனிந்து தொட்டுப் பார்த்தார். வெயிலில் கிடந்த தோலின் சூடு மட்டும்தான் இருந்தது. செண்பகவடிவு, "பாலம் மட்டும் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இறங்கியவள் தன் செருப்பைத் தேடவில்லை. அந்தப் பழுப்புச் செருப்புக்குள் தன் சின்னக் கால்களை நுழைத்தாள். அளவு பெரிது, ஒவ்வோர் அடிக்கும் குதிகால் பின்னால் அடித்துச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தோடேயே வாய்க்கால் கரையில் அவர்களுக்கு முன்னால் நடந்தாள், எதிரில் வந்தவர்கள் செருப்பைப் பார்த்துக் கேட்டபோதெல்லாம், ஊருக்கே கேட்கிற குரலில், "எங்க வீட்டுக்காரருது" என்று சொல்லிக்கொண்டே போனாள்.